சிவந்து வந்த பிளாஸ்மா

1. திரையில் தெரிந்த எண்கள்

சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் சுதா அன்று மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். வைரஸ் காய்ச்சலில் நுரையீரல் பாதிக்கப்பட்டு எங்கள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களிடம் ரத்தம் எடுத்து, ஒரு வருடமாக அவருடைய ஆய்வுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். யாருக்கு நோய் முற்றும், யார் தேறுவார் என்று சேருகிற நாளிலேயே சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு. அதற்கு அவர் தேடியது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற மிகச் சிறிய மரபுத் துண்டுகளை. நோய்க்குத் தகுந்தபடி ரத்தத்தில் இவற்றின் அளவு கூடும், குறையும்.

திரையில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் அளவைப் புள்ளிகளாகக் காட்டினார். நோய் முற்றியவர்கள் மேலே, தேறியவர்கள் கீழே. எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த, அந்த ரத்தத்தையெல்லாம் எடுத்து அனுப்பிய லேப் டெக்னீஷியனான எனக்குக் கை எழவில்லை. மேலே இருந்த சாம்பிள் எண்களில் பலவும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன.

2. நரம்பு கிடைக்காத கை

அதில் ஒன்று மீமிசலில் மீன் விற்கும் செல்லம்மாவுடையது. இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்காமல், மூச்சு இரைக்க வந்து சேர்ந்தவர். நரம்பு ஒட்டிப்போயிருந்தது. மூன்று தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை.

"இங்கிட்டு குத்திப் பாருங்க தாயி, இந்தக் கையில கெடைக்கும்" என்று அவரே இடது கையை நீட்டினார்.

மெல்லிய ஊசியில் சிரிஞ்சை இழுத்து இழுத்துத்தான் எடுத்தேன். ரத்தத்தைப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் சுற்றியதும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய பிளாஸ்மா நீர் ரோஸ் நிறத்தில் நின்றது. இழுத்த இழுப்பில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அதற்குள் அவரை ஐ.சி.யு.வுக்கு மாற்றிவிட்டதால் மறுபடி எடுக்க வழியில்லை. ஆய்வுப் படிவத்தில் நிறம் எழுதக் கட்டமும் இல்லை. பழக்கதோஷத்தில் என் லேப் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'சிவப்பு' என்று எழுதிவிட்டு அனுப்பினேன். நோய் முற்றி ஐ.சி.யு. வரை போயும் செல்லம்மா பிழைத்து வீடு போனார். ஆனால் அவரைப் போல முடியாமல் வந்தவர்களிடம்தான் நரம்பு கிடைக்காது. அவர்கள் சாம்பிள்தான் அதிகம் சிவந்தது.

3. நான் எழுந்து கேட்டது

என் சர்வீஸில் அதுவரை டாக்டர்கள் கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று எழுந்தேன்.

"மேடம், மேல இருக்கிற சாம்பிள் நெறைய செவப்பா வந்ததுங்க. இது நோயால கூடுனதா, ஒடஞ்ச செவப்பணுலேருந்து வந்ததா?"

எங்கள் பெரிய டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. டாக்டர் சுதா மட்டும், எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். நோட்டை எடுத்து வந்தேன்.

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் எண்களை ஒத்துப் பார்த்தோம். சிவந்த சாம்பிள்களை ஒதுக்கியதும் மேலே கீழே என்ற வித்தியாசமே காணாமல் போனது. அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கிற ஒன்று என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

"இதை நான் ஆய்வுப் பேப்பர்ல போட்டிருந்தா, இதை நம்பி யாராவது, அளவு கம்மியா இருக்குன்னு, நோய் முத்தப்போற ஒரு பேஷண்ட்டை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கம்மா" என்றார்.

மறு மாதம் படிவத்தில் நிறத்துக்கு ஒரு கட்டம் வந்தது. ஆலங்குடி, ஆவுடையார்கோவில் நர்ஸ்களுக்கு ரத்தம் எடுக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். முதல் வகுப்பில் டாக்டர் சுதா அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இது இவங்க போட்டது" என்றார். நான் வாங்கிய எந்தச் சான்றிதழும் எனக்கு அவ்வளவு பெருமை தரவில்லை.

அடுத்த மழைக்கால சாம்பிள்களில் வேறொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தேறி நின்றது. வித்தியாசம் சிறியதுதான், வேறு ஊர்களில் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் எவ்வளவு பெரியதானாலும், டியூபை முதலில் பார்ப்பது நீங்கள். கண்ணில் பட்டதை, கட்டம் இல்லாவிட்டாலும் எழுதி வையுங்கள். கேட்க வேண்டிய நாள் வந்தால் எழுந்து கேளுங்கள்.