தூக்கவே மாட்டேன் என்ற கால்

இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே, மாப் கம்பை மட்டையாகப் பிடித்துக் கண்ணாடி முன் வீசிப் பார்த்தேன். இரண்டு காலும் தரையில். நன்றாகத்தான் இருந்தது.

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் பெண்கள் சாஃப்ட்பால் குழுவில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இதுவரை ஒரு பந்தையும் உருப்படியாக அடித்ததில்லை. கோச் நவின் வாராவாரம் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, பந்து வரும்போது இடது காலைத் தூக்கி முன்னால வைங்க. அப்பதான் பவர் வரும்."

இன்று திடலில் சொல்லியேவிட்டேன். "காலைத் தூக்கினா தலை ஆடுது கோச். பந்தே தெரியல."

"ஓகே லா. மூணு பந்து போடறேன், உங்க ஸ்டைல்ல அடிங்க. அடிக்கலன்னா ஞாயித்துக்கிழமை மேட்ச்ல நீங்க தண்ணி பாட்டிலைப் பார்த்துக்கலாம்."

முதல் பந்தில் காற்றை அடித்தேன். இரண்டாவது காலடியிலேயே உருண்டது. மூன்றாவது வேலியைத் தாண்டிப் போய் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடைக் குடைமேல் விழுந்தது. நாற்பத்து நான்கு வயதில் நான் குதித்த குதியைப் பார்த்து, கடைக்கார மலாய் அம்மா, எங்கள் மக்சிக், கைதட்டினார்.

கோச் மட்டும் சிரித்தார். "சூப்பர் லா அக்கா. இனிமே இதே மாதிரியே அடிங்க."

காரில் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, திடலில் பைமேல் சாய்த்துவைத்திருந்த கைப்பேசியில் பதிவான காணொளியைப் போட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது பந்துக்கு என் இடது கால் அழகாக எழும்பி, முன்னால் இறங்குகிறது.

அவர் ஏன் சிரித்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

ஞாயிறன்றும் காலைத் தூக்கித்தான் அடிக்கப்போகிறேன். கேட்டால், அது என் ஸ்டைல் என்பேன். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

எனக்கும் தெரிந்துவிட்டது என்று கோச்சிடம் முதலில் போட்டுக்கொடுக்கப்போவது உங்களில் யார்?