சுபைதாம்மாவின் தொட்டியில் நான் பிழிந்த அழுக்கு

தங்கமீன் விற்பதாகப் பெயர். உண்மையில் நான் விற்பது தண்ணீரைத்தான். வாங்கி வந்த மூன்றாம் நாள் வயிற்றை மேலே காட்டி மிதக்கும் மீனைப் பார்த்து, "நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு" என்று நீங்கள் எப்போதாவது முணுமுணுத்திருந்தால், நீங்களும் நம் சங்கத்து உறுப்பினர்தான். மன்னார்குடியில் கடை போடுவதற்கு முன் மண் பரிசோதனைக் கூடமொன்றில் பதினோரு ஆண்டுகள் சோதனைக் குழாயை ஆட்டியவன் நான். அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ளும் பணிவு என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலித் தொட்டிக்குச் சாப்பாடு

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. தொட்டி வாங்கியவருக்கு அன்றே மீன் கிடையாது. தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் காலித் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வரவேண்டும். தீவனம் அழுகினால் அம்மோனியா. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேறி அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். அப்புறம் இன்னொரு கூட்டம் வந்து அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் குடியேற்றம் முடியும் முன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே செத்துப்போகும். போதாக்குறைக்கு எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். அதில் அம்மோனியாவின் பல் இன்னும் கூர்மை.

இதையெல்லாம் விவசாயி கலியமூர்த்திக்கு முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தழைச்சத்து, அதான் யூரியா சத்து, தேங்கிப் போவுதுன்னு சொல்லுங்களேன் சார். வயல்னா நெல்லு குடிச்சிரும், கண்ணாடிப் பொட்டியில யாரு குடிக்கிறது?"

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

கூத்தாநல்லூர் பரீதா பள்ளி ஆசிரியை. கணவர் அன்வர் குவைத்தில். வேறெங்கோ வாங்கிய ஆறு மீன்களும் ஒரே வாரத்தில் செத்துப்போயிருந்தன. போனில் தினமும் அவற்றைப் பார்த்து வந்த அன்வருக்கு மனசே விட்டுப்போய்விட்டதாம். ஆறு வாரத்தில் அவர் விடுப்பில் வருகிறார். வரும்போது வீட்டில் மீன் நீந்த வேண்டும். ஆனால் மாமியார் சுபைதாம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு உயிர் இந்த வீட்டில் போனால் தொட்டி கொல்லைப்புறத்துக்குப் போய்விடும், பிறகு அதில் கோழி தண்ணீர் குடிக்கும்.

பரீதா என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். ஞாயிறுதோறும் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரோடு வருவார். நான் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பேன். முதலில் அம்மோனியாவின் பச்சை, பிறகு நைட்ரைட்டின் ஊதா. ஐந்தாவது ஞாயிறு இரண்டு குழாயிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டே இரண்டு மீன்களைக் கொடுத்து, "இதுங்க சாகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பரீதா பையை வாங்கிக்கொண்டார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு விசாரிக்கல அண்ணே."

பளிச்சென்ற பஞ்சு

மகன் வருகிறான் என்றால் வீட்டைக் கழுவாத தாய் எங்கள் பக்கத்தில் இல்லை. பரீதா பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் சுபைதாம்மா ஜன்னல் கம்பி, மின்விசிறி என்று வரிசையாகத் துடைத்துக்கொண்டே வந்து தொட்டியையும் கவிழ்த்துவிட்டார். மீன்கள் குண்டானில் காத்திருக்க, பழுப்பேறிய பஞ்சை ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, கும்மி, மல்லிகைப்பூ நிறத்துக்குக் கொண்டுவந்து, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டார். ஐந்து வாரக் குடியேற்றம் ஒரே முற்பகலில் காலி.

மறுநாள் காலை பரீதாவின் போன்: "அண்ணே, ரெண்டும் மேல வந்து வாயைப் பொளக்குதுங்க. குவைத்துலேருந்து மச்சான் நாளைக்கு வராங்க." என் கடையின் மிகப் பழைய தொட்டியில் நான்கு வருஷமாக ஊறிய பஞ்சைப் பிடுங்கி, ஈரத்தோடு பையில் கட்டி, என் தொட்டித் தண்ணீர் இரண்டு கேனோடு ஸ்கூட்டரில் பறந்தேன். அழுக்கைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு வேகமாக வண்டி ஓட்டியவர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

போனதும் ப்ளீச்சிங் பவுடரின் குளோரினை முறிக்கும் மருந்தை விட்டேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, கொண்டுபோனதை ஊற்றினேன். வெள்ளைப் பஞ்சுக்குப் பக்கத்தில் என் பஞ்சை வைத்து, நுண்ணுயிர்கள் பரவட்டும் என்று அதன் ஒரு மூலையைப் பிழிந்தேன். தெளிந்திருந்த தொட்டி டீத்தண்ணீர் போல ஆயிற்று. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுபைதாம்மாவின் முகமும் அதே நேரத்தில் நிறம் மாறியது.

"ஏன் தம்பி, இடுப்பொடியக் கழுவி வச்சிருக்கேன். எங்கேருந்தோ அழுக்கை மூட்டை கட்டிட்டு வந்து என் வீட்டுல பிழியிறீங்களே, அடுக்குமா இது?"

காவல்

அன்றே நான் அவருக்குச் சுருக்கமாக, அதாவது அரை மணி நேரம், விளக்கினேன். அடுப்பில் குழம்பு இருக்கிறதென்று உள்ளே போய்விட்டார். மறுநாள் அன்வர் வந்தபோது தண்ணீர் தெளிந்து, மீன்கள் கீழே இறங்கிக் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருந்ததாகப் பரீதா போனில் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துச் சோதித்துப் பார்க்கப் போனேன். அம்மோனியா துளியும் இல்லை. இரண்டு மீன்களும் கொழுத்திருந்தன. நான் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்வர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "என்னங்க இது, பஞ்சு இப்படிக் கறுத்துக் கிடக்கு, அலசிப் போட்டுர்றேன்" என்று தொட்டிக்குள் கைவிட்டார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார் சுபைதாம்மா.

"டேய் அன்வரு, எடுடா கையை! நாலு வருசத்து அழுக்குடா அது, மன்னார்குடியிலேருந்து வந்தது. உன் கை பட்டுச் சுத்தமாயிரப் போவுது!"

பதினோரு ஆண்டுகளில் நான் எழுதிக்கொடுத்த பரிசோதனை அறிக்கை எதையும் யாரும் இரண்டாம் முறை புரட்டிப் பார்த்ததில்லை, ஆனால் என் அழுக்குக்குக் கூத்தாநல்லூரில் கரண்டியோடு காவல் நிற்கிறார்கள்.