எடுக்கக் கூடாத போன்

கல்யாணமானதும் மாமனார் வீட்டோடு தங்கிவிட்டவன் நான். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாமனாருக்குக் கோவில்பட்டி டவுனில் ஒன்றும் விளாத்திகுளம் சாலையில் ஒன்றுமாக இரண்டு தீப்பெட்டி ஆபீஸ்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக் கட்டிவைத்தார்கள். ஆறு மாதமாகியும் மூன்று வேளை சாப்பிட்டதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

சாலை ஆபீஸை என் பொறுப்பில் விட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை, என் பேராசை. மாமனார் அதற்கொரு பரீட்சை வைத்தார். டவுனிலிருந்து அங்கே சேதி சட்டென்று போய்ச் சேர நான் ஒரு வழி பண்ண வேண்டும்.

"அங்கன இருக்குறவியளுக்குச் சிக்கல் இல்லாம இருக்கணும் மாப்ள," என்றார்.

முதலில் இரண்டு ஆபீஸிலும் கம்ப்யூட்டர் வைத்து, இன்டர்நெட்டில் எழுதியே பேசிக்கொள்ளலாம் என்று நாலு பக்கத்துக்குத் திட்டம் போட்டேன். அப்போதெல்லாம் இரண்டுக்கும் ஒரே லைன்; இன்டர்நெட் ஓடினால் டெலிபோன் வேலை செய்யாது, கிராமத்தில் கரண்ட் நினைத்தால்தான் வரும். நாலு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்தது எஸ்.எம்.எஸ். செல்போன் ஆளாளுக்கு வரத் தொடங்கிய காலம் அது. சாலை ஆபீஸை மேற்பார்வை பார்த்த, எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற அம்மாவிடமும் ஒன்று இருந்தது. நான் அனுப்பிய எதுவுமே போய்ச் சேரவில்லை. வாங்கிப் பார்த்தால், போன் கம்பெனி அனுப்பிய பாட்டு விளம்பரங்களால் மெசேஜ் பெட்டி நிறைந்து கிடந்தது. அழிக்கலாமே என்றேன். நம்மை மதித்து அனுப்பியதை எப்படி அழிப்பது என்று அக்கா கேட்டார். அந்தத் திட்டத்தையும் மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் ஊரே செய்துகொண்டிருந்ததை என் கண்டுபிடிப்பாக்கினேன். மிஸ்டு கால்! எடுத்துப் பேசினால்தான் காசு, அடித்து நிறுத்தினால் காசில்லை. ஒரு தடவை மணி அடித்து நின்றால் டவுனிலிருந்து வேன் கிளம்பிவிட்டது. இரண்டு அடித்தால் மழை வருகிறது, காயப்போட்ட பெட்டிகளை உள்ளே எடுக்கவும். மூன்று அடித்தால் வேலை முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இதைக் கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேஷன் போட்டு, அங்கே சுவரில் மாட்டினேன். அடியில் கொட்டை எழுத்தில் 'போனை எடுக்கக் கூடாது' என்று சேர்த்தேன்.

இரண்டு மாதம் பிசகே இல்லை. டவுனில் மேகம் கறுத்தால் அங்கே முதல் தூறலுக்குள் சரக்கு முழுக்க உள்ளே போய்விடும். மாமனார் பஜாரில் நாலு பேரிடம் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அப்புறம் அந்த வடநாட்டு வியாபாரி வந்தார். மறுநாள் வர வேண்டியவர் அன்று காலையே ரயிலை விட்டு இறங்கிவிட்டார். அவருக்குச் சாலை ஆபீஸ் பிடித்துப்போனால் பெரிய ஆர்டர் கிடைக்கும், ஆபீஸும் என் கைக்கு வரும். மாமனாரே அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் காரில் கிளம்பினோம். போகிற வழியில், இடத்தைக் கூட்டிச் சுத்தமாக வைக்கச் சொல்லலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை. எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

போய் இறங்கினால் வெயில் கொளுத்துகிறது. முற்றத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. கதவு பூட்டியிருந்தது. வாசலில் அக்கா மட்டும் சாவியோடு உட்கார்ந்திருந்தார். இன்று ஏதாவது பண்டிகையா என்று வியாபாரி கேட்டார். ஆமாம் என்றேன். என்ன பண்டிகை என்றார். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில், போனை ஏன் எடுக்கவில்லை என்று அக்காவிடம் கத்தினேன்.

"எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான தம்பி எழுதி மாட்டியிருக்கீங்க?" என்றார் அக்கா. "எட்டு தடவ மணி அடிச்சுது. மூணு, மூணு, ரெண்டு. வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ, மழை வருதுன்னு சொல்லுதீங்க. வெயிலடிக்கேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். மறுபடியும் எட்டு அடிச்சுது. அப்ப புயலுதான்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

வேறு வழியில்லாமல் கதவைத் திறக்கச் சொன்னார் மாமனார். உள்ளே சரக்கு முழுவதும் வரிசை பிசகாமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தரையில் ஒரு குச்சி கிடையாது. இத்தனை ஒழுங்கான இடத்தைத் தான் பார்த்ததில்லை என்று வியாபாரி சுற்றிச்சுற்றி வந்தார். ஆர்டரை அங்கேயே உறுதி செய்தார். நான் மூச்சு விட்டேன். என் முகத்தில் முதலாளிக் களை வந்திருக்க வேண்டும்.

மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆபீஸ் பொறுப்ப அக்காவே பாக்கட்டும் மாப்ள. நீங்க நாளைலருந்து இங்கன வந்து உக்காந்து, போன் அடிச்சா எடுங்க. என்ன சொல்லுதாவன்னு கேட்டு அக்காட்ட சொல்லுங்க."

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் பொய் சொல்வானேன், அது நியாயமாகவும் பட்டது. முழுதாக ஒரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். ஒரு சேதிகூடத் தவறவில்லை.