நூற்று முப்பத்தொரு டிகிரி

ஒரு தெர்மாமீட்டர், அதன் இரு பக்கமும் நூலால் கட்டிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஊசிபோல மெல்லியவை, ஒவ்வொன்றின் அடியிலும் குருணை அளவுக்கு வெள்ளைத் தூள். ஒன்று என்னுடையது, மற்றது அக்காவுடையது. உடன்பிறந்தவள் அல்ல, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் எங்களோடு வேதியியல் படித்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு தெர்மாமீட்டர்தான். அதனால் இரண்டு குழாய்களையும் சேர்த்துக் கட்டி, ஒரே எண்ணெயில் இறக்கிச் சூடேற்றுவோம். யாருடைய தூள் முதலில் உருகுகிறதோ அவர் முதலில் குறித்துக்கொள்வார்.

கொடுத்த பொருள் எது என்று கண்டுபிடிக்க உருகுநிலைதான் கடைசிச் சாட்சி. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அந்தச் சாட்சி பொய் சொல்லிவிடும்; தூள் உருகுவதற்குள் பாதரசம் முந்திக்கொண்டு ஏறி, எண்ணைக் கூட்டிக் காட்டும். அக்கா இதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டவள். "மெதுவா ஏத்து தம்பி, எங்க ஓடிப்பூடப் போவுது" என்பாள். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வு. தேறினால் ஆசிரியர் பயிற்சி, தவறினால் மாமன் மகனுடன் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தது வகுப்புக்கே தெரியும். என் பொருள் சாலிசிலிக் அமிலம் என்று மற்ற சோதனைகளிலேயே பிடிபட்டுவிட்டது. நூற்று ஐம்பத்தெட்டு வரை ஏற வேண்டும். மணியடிக்க நேரமாகிவிட்டது. அக்கா வெந்நீர் எடுக்கப் போன சமயம் பார்த்து பர்னரைத் திருகித் தீயைக் கூட்டிவிட்டேன். அவள் திரும்பி வந்து குனிந்து பார்த்தபோது பாதரசம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தூள் உருகியது நூற்று முப்பத்தொன்றில்.

"இன்னா தம்பி, இவ்ளோ வேகமா ஏறிக்கினு போவுது?"

"எண்ணெய் பழசுக்கா, அப்படித்தான்."

நம்பிவிட்டாள். சின்னமிக் அமிலம் என்று எழுதினாள். அது நூற்று முப்பத்து மூன்றில் உருகுவது. அவளுக்குக் கொடுத்திருந்ததோ நூற்று இருபத்திரண்டில் உருகும் பென்சாயிக் அமிலம். நான் என் குழாயைப் பார்க்கக்கூட இல்லை, புத்தகத்தில் இருந்த எண்ணை அப்படியே எழுதினேன். நான் தேறினேன், அவள் தவறினாள். ஆவணியில் கல்யாணம். தேர்வாளரிடம் உண்மையைச் சொல்ல அன்று ஒரு நிமிடம் போதும். என் மதிப்பெண் போய்விடும் என்று பயந்தேன். கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை.

இருபது வருடம் கழித்து, நான் வேதியியல் ஆசிரியரான பிறகு, கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் அவளே என்னை அடையாளம் கண்டு வந்தாள். கை நிறையக் கரும்பு வெட்டிய தழும்பு. பக்கத்தில் பத்தாவது முடித்த மகள்.

"நல்லாக்கிறீங்களா சார்?" என்றாள். தம்பி என்ற வார்த்தை வரவில்லை.

மகள் அடுத்து என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டேன்.

"சயின்ஸ்தான் வேணும்னு அழுவுது சார். நான் வேணாம்னுட்டேன். அன்னிக்குப் பரிட்சையில எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, தெர்மாமீட்டரத் தப்பாப் படிச்சிட்டேன். இதுவும் என் வயித்துல பொறந்ததுதானே."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மலைக்குப் போகும் பேருந்து புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரமும் நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.