எடை போடாத வாளி

மிச்சக்கா என்றால் அந்த ஆலை கேண்டீனில் தெரியாதவர் கிடையாது. கை கழுவும் இடத்தை ஒட்டிய ஜன்னலில் தட்டை நீட்டினால் உள்ளேயிருந்து ஒரு கை வாங்கி, மிச்சத்தை வாளியில் வழிக்கும். பதினோரு வருஷமாக அந்தக் கை அவளுடையது. வேலையை வாங்கிக் கொடுத்தவள் அங்கே தலைமைச் சமையல்காரியாக இருக்கும் நாத்தனார், புருஷனின் ஒரே தங்கை. அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷமும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தவள். அவளுக்கு ஒரு கெடுதல் வருகிறதென்றால் மிச்சக்காவின் கை சும்மா இருக்குமா?

அந்த வருஷம் மேனேஜர், இறைச்சியை வாரத்துக்கு ஒரு நாளாக்கி, மற்ற நாளெல்லாம் பயறு கட்லெட் போடச் சொன்னார். ஆடு மாட்டுக்குப் போகும் தீவனமும் தண்ணீரும் இனிமேல் கட்டுப்படியாகாது, வருங்காலத்துச் சாப்பாடு இதுதான் என்றார். ஒரு மாதம் பார்ப்பார்களாம். தினம் வீணாவது இருபது கிலோவுக்குள் நின்றால் சரி. தாண்டினால் சமையலறைக்குப் பூட்டு, வெளியிலிருந்து டப்பாச் சாப்பாடு. நாத்தனாரும் கூட இருக்கும் நான்கு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தினமும் எடை போட்டுப் பலகையில் எழுதுவது மிச்சக்காவின் வேலை.

முதல் நாளே முப்பத்தொன்று. சமையல்கட்டு அந்தப் பக்கம், இங்கே எட்டிப் பார்க்க யாருமில்லை. மிச்சக்கா ஒரு வாளியைக் கணக்கில் சேர்க்காமல், மிச்சத்தை வாங்கிப் போக வரும் பன்றிப் பண்ணைக்காரரின் பீப்பாயில் கவிழ்த்துவிட்டு, பலகையில் பதினெட்டு என்று எழுதினாள். மறுநாளும் அதே கதை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. யாராவது தராசுப் பக்கம் வந்தால் வாளியைக் காலால் ஓரம் தள்ளுவாள். பண்ணைக்காரர் வேறு வாயைக் கிண்டுவார்.

"என்னக்கா, உங்க ஆளுங்களைவிட என் பன்னிங்கதான் கட்லெட்டுக்கு உயிரை விடுது!"

"வாயை மூடிக்கிட்டுப் பீப்பாயை ஏத்துய்யா!"

மூன்றாவது வாரம் மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். "பிரமாதம்மா! திங்கக்கிழமையிலேருந்து கம்பெனியோட மத்த ரெண்டு கேண்டீனுக்கும் நீங்கதான் கட்லெட் போடறீங்க. தொள்ளாயிரம் தட்டு!"

நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சக்காவோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வாளியை ஒளிக்கலாம். மூன்று வாளியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எங்கோ ஒரு காட்டில் தண்ணீர் பாய்ச்சி விளைந்த பயறு, மூட்டை மூட்டையாகப் பன்றிக்குப் போகப் போகிறது. அதுவும் இவள் கையால்.

மறுநாள் பந்தி முடிந்ததும் நாத்தனாரைக் கூப்பிட்டு, எல்லா வாளியையும் அவள் கண்ணெதிரிலேயே தராசில் ஏற்றினாள்.

முப்பத்து மூன்று.

"இது இன்னிக்கு மட்டுமா அண்ணி?"

"மொத நாள்லேருந்து."

நாத்தனார் குனிந்து தராசை இன்னொரு முறை பார்த்தாள்.

"உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களேன்னுதான்..."

"அதுக்காக? பிடிக்கலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே! மூணு வாரமா நான் என்னமோ பெரிய சமையல்காரின்னு தலையை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனே. என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்களே அண்ணி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளிக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்த நாலைந்து கட்லெட்டும் ஒரே மாதிரி இருந்தன. சுற்றிலும் கடித்து, நடுப்பாகத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

"எல்லாம் இப்படித்தான் வருதா?"

"ஆமா. மொறுமொறுன்னு இருக்கற ஓரத்தைத் தின்னுட்டு நடுவை வச்சுடறாங்க. உள்ளே பசை மாதிரி இருக்குன்னு நினைக்கிறேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. தட்டைப் பாத்தா தெரியாதா?"

நாத்தனார் கட்லெட்டைப் பிட்டு விரலால் நசுக்கினாள். "தடிமனாத் தட்டிட்டேன். நாளைக்கு மெல்லிசா போட்டுப் பாக்கறேன்." பிறகு சாக்பீஸை எடுத்துப் பலகையில் முப்பத்து மூன்று என்று தானே எழுதினாள். "மேனேஜர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்."

மிச்சக்கா மாடிப்படி ஏறி மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாள்.

"வாங்கக்கா, வாங்க!" என்றது உள்ளேயிருந்து குரல். அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.