சோல் பெடலில், கால் பனியில்

என் இரண்டு பாதங்களும் செத்துப்போய்விட்டன என்று நினைத்த ஒரு மதியத்தைப் பற்றி எழுதுகிறேன். கிள்ளினேன், தெரியவில்லை. கல்லால் தட்டினேன், தெரியவில்லை. கட்டைவிரல் மெழுகு நிறத்துக்கு மாறியிருந்தது. போன செப்டம்பரில், இமயமலையில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டருக்கு மேலே, ஸ்பித்திப் பள்ளத்தாக்குக்குப் போகும் கல் சாலையில் நடந்தது இது. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை நம் சபையார் அறிய வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இனி வீட்டோடு இருப்பேன்" என்று முடிகிற சாட்சி இல்லை இது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறேன். வயது இருபத்தைந்து. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் என்று சிலருக்குத் தெரியும். என்னுடையது கிராவல் சைக்கிள். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் அகலம். மண், ஜல்லி, உடைந்த சாலை எல்லாம் ஏறும். கூட வருகிறவள் நஸ்ரின், எங்கள் கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். இரண்டு வருடம் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை மண் பாதைகளில் ஏறி இறங்கிப் பழகிய பிறகுதான் இமயமலைக்குக் கிளம்பினோம்.

அந்தப் பயணத்துக்காக நானே ஒரு ஜோடி ஷூ செய்தேன். அடியில் பதித்த இரும்புத் துண்டு பெடலில் கவ்விக்கொள்ளும். தோல் எங்கள் ஊரில் பதனிட்டது, வெட்டியது நான், ஒட்டியது நான். பெருமை தாங்கவில்லை. நஸ்ரின் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கால்ல போடவா, ஷோகேஸ்ல வைக்கவா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரிதான். சாம்பிள் ஷூவை நாங்கள் நடப்பதற்காகச் செய்வதில்லை, காட்டுவதற்காகச் செய்கிறோம். வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர் வேறு சோல் போடச் சொன்னால் தோல் கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். அதனால் தோலின் அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாகத் தேய்க்காமல் லேசாகத்தான் ஒட்டுவோம். அந்த லேசான ஒட்டு என் கைக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கான ஷூவையும் அதே கையால், அதே பழக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எனக்கே அது உறைக்கவில்லை.

அந்தச் சாலையை வெட்டிக்கொண்டு ஓர் ஓடை ஓடுகிறது. காலையில் கணுக்கால் அளவுதான் இருக்கும். வெயில் ஏறி மேலே பனி உருகினால் மதியத்துக்குள் முழங்காலைத் தாண்டிவிடும். நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நடு ஓடையில் நான் விழுந்தேன். மாற்று சாக்ஸும் ரப்பர் செருப்பும் இருந்த பையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ கரையேறி, நடுங்கிக்கொண்டே அரை மணி நேரம் மேலே மிதித்தோம். மூச்சு வாங்குகிறதே என்று காலை ஊன்றினேன். கால் தரைக்கு வந்தது. சோல் வரவில்லை. அது பெடலிலேயே கவ்விக்கொண்டிருந்தது.

நஸ்ரின் சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து நிமிடத்தில் இன்னொரு சோலும் அப்படியே கழன்றது. அப்போது பனித்தூறல் ஆரம்பித்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"என்னுதைப் போட்டுக்கடி."

"உன் சைஸ் அஞ்சு, என் கால் எட்டு. எங்க போட்டுக்கறது, காதுலயா?"

அவள் தன் துப்பட்டாவைக் கிழித்து என் பாதங்களில் சுற்றினாள். நூறு அடி நடப்பதற்குள் அதுவும் நனைந்து விறைத்தது. மேலே கணவாய்க்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். பின்னால் ஓடை பெருகிக் கிடந்தது. மறுநாள் காலைவரை அதைத் தாண்டி எந்த வண்டியும் வராது. முதலில் கால் எரிந்தது, பிறகு வலித்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் கேட்ட பேச்செல்லாம் அங்கே வந்து நின்றது. "உனக்கு இங்க இன்னா கம்மி?" என்ற அம்மா. "பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா மலையும் சைக்கிளும்?" என்ற சபை மூப்பர். அவர்கள் சொன்னதுதான் சரி, ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். இனி காலில்லாமல்தான் ஊருக்குப் போவேன் என்று நினைத்தேன்.

ஜெபிக்க ஆரம்பித்தேன். வழக்கம்போல மன்னிப்பில்தான் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, நான் இங்கே வந்திருக்கக் கூடாது..." அதற்கு மேல் வாய் வரவில்லை. ஏனென்றால் அது பொய். அந்த மலைகளை முதல்முதலில் பார்த்த காலையில் நான் அவரைத் துதித்த மாதிரி எந்த ஆராதனையிலும் துதித்ததில்லை. அவர் முகத்துக்கு நேரே எப்படிப் பொய் சொல்வது? கண்ணைத் திறந்துகொண்டே சத்தமாகச் சொன்னேன்: "வந்தது தப்பில்லை, ஆண்டவரே. ஒட்டினதுதான் தப்பு. அதுக்கு மன்னிச்சிடுங்க. என் காலைக் குடுங்க. குடுத்துட்டு மேலயும் ஏத்துங்க."

பக்கத்தில் நஸ்ரின் கைகளை ஏந்தி அவள் முறையில் துஆ செய்துகொண்டிருந்தாள். திடீரென்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏய், மண்ணெண்ணெய் வாசனை வருது."

அதுவரை கீழேயிருந்து அடித்த காற்று, மேலேயிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. வானம் பிளக்கவில்லை, குரல் கேட்கவில்லை. காற்று திரும்பியது. எங்கோ அடுப்பு எரிகிறது என்று அந்தக் காற்று சொன்னது. மூடுபனிக்குள் வாசனையைப் பிடித்துக்கொண்டே நஸ்ரின் ஓடினாள். கால் மணி நேரத்தில் ஒரு பெண்ணோடு திரும்பி வந்தாள். அடுத்த வளைவுக்குப் பின்னால் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு, சாலை வேலை செய்கிற ஜார்க்கண்ட்காரர்கள் இருந்திருக்கிறார்கள். நாங்கள் பார்க்கவே இல்லை.

அந்த அக்காவின் பெயர் ஃபூல்மணி. என் தோளுக்குத்தான் இருப்பார். என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, ஐஸ் மாதிரி இருந்த என் பாதங்களைத் தன் வெறும் வயிற்றில் வைத்துப் போர்த்திக்கொண்டார். முகம்கூடச் சுளிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஆயிரம் ஊசி குத்துகிற மாதிரி உணர்வு திரும்பியது. கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். நஸ்ரின் வீட்டில் பேசும் உருது அங்கே கைகொடுத்தது.

"வலிச்சா நல்லதாம். நல்லாக் கத்துன்னு சொல்றாங்க."

அங்கேயே இரண்டு நாள் தங்கினோம். மூன்றாம் நாள் கீழே போகிற ஜீப் ஒன்று நின்றது.

"போதும்பா, ஏறிடலாம்," என்றாள் நஸ்ரின்.

"பாதி ஜெபத்துக்குத்தான் பதில் வந்திருக்கு. மீதி மேல இருக்கு."

"உன் ஆண்டவருக்கே ஆர்டர் ஷீட் குடுக்கறியா நீ?" என்று முறைத்தாள். ஆனால் அவள்தான் முதலில் சைக்கிளை நிமிர்த்தினாள்.

ஃபூல்மணி அக்காவின் கணவர் தன் பழைய ரப்பர் கம்பூட்ஸைக் கொடுத்தார். உள்ளே கம்பளித் துணி அடைத்து, அதோடு பெடல் மிதித்தேன். மூச்சுக்கு நாலு மிதி, பிறகு நிற்பது, மறுபடி நாலு மிதி. மதியத்துக்கு முன் கணவாயின் உச்சியில் நின்றேன். இரண்டு காலாலும் நின்றேன். ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் வேலூரில் டாக்டர் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் விரல்களை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். அடுத்த ஞாயிறு நம் மூப்பர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஆண்டவர் ஒரு தட்டு தட்டிக் காப்பாத்தியிருக்காரும்மா. இனிமே போகமாட்டேன்னு சேத்துச் சாட்சி சொல்லிடு."

"அவர் தட்டலைங்க ஐயா. தூக்கிவிட்டாரு. தட்டினதா சொன்னா பொய்ச் சாட்சி ஆயிடும்."

அவர் என் கையை ஒருமுறை அழுத்தினார். பிறகு, "அப்ப அதையே எழுது," என்றார். எழுதிவிட்டேன்.

காற்று தானாகத் திரும்பியிருக்கும் என்று கம்பெனியில் சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். உறைந்த கால் அவர்களுடையது இல்லை.

என்னில் மாறியது இதுதான். முன்பெல்லாம் லீவு கேட்கப் போகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்டுத்தான் ஜெபிப்பேன். இப்போது எது தப்போ அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எது ஆசையோ அதை நிமிர்ந்து கேட்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுக்குள்ளும் ஓர் ஆசை இருக்கலாம். இதைப் போய் ஆண்டவரிடம் கேட்பதா என்று நீங்களே ஒளித்து வைத்திருக்கலாம். தயவுசெய்து கேளுங்கள். பொய் இல்லாமல் கேளுங்கள்.

வருகிற ஜூலையில் நஸ்ரினும் நானும் இன்னும் உயரமான ஒரு கணவாய்க்குப் போகிறோம். என் கால்களுக்காக ஜெபியுங்கள், மூச்சுக்காக ஜெபியுங்கள், வழிக்காக ஜெபியுங்கள். நான் போகாமலிருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் ஜெபிக்காதீர்கள்.