வீல் சேருக்கு ஒரு பெரட்டு

நான் தேயிலை மலையில வழுக்கி விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இடுப்பு எலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணியும் நாலு எட்டு வச்சா சுவத்தப் புடிக்கணும். வீட்டுல நானும் மகளும்தான். அவ காலையில கொழுந்து பறிக்கப் போவா, மத்தியானம் ஓடியாந்து எனக்குச் சோறு போட்டுட்டு மறுபடி ஓடுவா. கோயில் திருவிழாவுக்குக்கூடப் போறதில்ல. இருபத்திரெண்டு வயசுப் புள்ளைக்கு இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?

எங்க லயத்து வரிசை வீடுகள்ல இருக்குற ஆளுக பஸ் புடிச்சு கொழும்புப் பக்கம் ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்கு ட்ரிப் போட்டாங்க. "அம்மா வராம நான் வரல"ன்னுட்டா மகள். எனக்கு வந்துச்சே கோவம்! "ஒரு நாள் நான் தனியாக் கெடந்தா செத்தா போயிருவேன்?"னு கத்துனேன். அவ அசையல. சரி, என்னையும் தூக்கிட்டுப் போங்க, இந்தப் புள்ள ஒரு நாளாவது என் நெனப்பு இல்லாம வெளையாடட்டும்னு கெளம்பிட்டேன்.

பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காதான் பதுளை டவுனுக்குப் போயி, ஒரு முஸ்லிம் நானா கடையில வீல் சேர் வாடகைக்கு எடுத்தாந்தாங்க. அவரு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, "எறக்கத்துல நேரா எறக்காதீங்க, திருப்பிப் பின்பக்கமா எறக்குங்க"ன்னு சொல்லி அனுப்புனாராம். முகம் தெரியாத எனக்காக அவ்வளவு அக்கறை. அந்த மனுசன் நல்லாருக்கணும்.

ஆனா எங்க லயத்துலருந்து ரோட்டுக்கு எறங்க படிதான், சக்கரம் எங்க உருளும்? லயத்துத் தம்பிமாரு நாலு பேரு என்னைச் சேரோட தோளுக்குத் தூக்கிட்டாங்க. எங்க தோட்டத்துல நோயாளிய அப்படித்தான் ரோட்டுக்குக் கொண்டு போவோம். பாத்தவங்கெல்லாம் "ஐயய்யோ, என்னாச்சு?"ன்னு ஓடியாந்தாங்க. "ஒண்ணும் ஆகல, ஊர் சுத்தப் போறேன்"னு சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிச்சுப்போச்சு.

பூங்கா வாசல்லயும் படி. தம்பிமாரு அங்கிட்டு இங்கிட்டுப் பாக்கல, தூக்குனாங்க, ஏறுனாங்க. செக்கியூரிட்டிக்காரர் சிங்களத்துல கத்திக்கிட்டே ஓடியாந்தாரு. தொரத்துறாருன்னு நெனச்சு இவங்க இன்னும் வேகமா ஏறுனாங்க. மேல போயி மூச்சு வாங்கும்போதுதான் அவரு கை காட்டுறாரு: பக்கத்துலயே சக்கரம் உருளச் சரிவாப் பாதை! எங்களுக்கு என்னங்க தெரியும், படியக் கண்டா தூக்குறதுதான் பழக்கம். அவரும் சிரிச்சாரு, நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

உள்ள போயும் மகள் சேர் கைப்புடிய விடல. கூட்டாளிங்க கூப்பிடக் கூப்பிட, "அம்மாவ யாரு பாக்குறது?"ன்னு ஒரே பேச்சு. நான் திட்டியும் கேக்கல. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பத்தான் அக்கா நடுவுல நின்னு இடுப்புல கைய வச்சு, கங்காணி மாதிரி ஒரு சத்தம் போட்டாங்க: "பெரட்டு! எல்லாரும் வாங்க!" தோட்டத்துல காலையில வேலை பிரிக்கப் பெரட்டுக்குக் கூடுவோமே, அதே மாதிரி அத்தன பேரும் சிரிச்சுக்கிட்டே கூடிட்டாங்க. "நீங்க ரெண்டு பேரும் சாப்பாடு வரைக்கும் தள்ளுங்க. அப்புறம் இவங்க. தண்ணிப் பக்கம் போனா நான்." மகளப் பாத்து, "ஒனக்கு இன்னைக்கு வேலையும் இல்ல, பேரும் இல்ல. போடி!"

கணக்குப் புத்தகத்துல பேர் விழுந்தாத்தான் எங்களுக்கு அன்னைக்குச் சம்பளம். பேர் இல்லன்னா யாருக்குத்தான் மொகம் வாடாது? அவளுக்கும் வாடுச்சு. அக்கா அவ வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்து, கூட்டாளிங்க கையில புடிச்சுக் குடுத்தாங்க.

சொன்னபடி மொறை வச்சுத் தள்ளுனாங்க. ஒருத்தி பூப்பாத்தியில கொண்டு போய் ஏத்திட்டா. "மெதுவாடி, நான் என்ன கொழுந்து மூட்டையா?"ன்னு ஏசுனேன். ஏசுனாலும், இவங்களுக்கெல்லாம் நான் என்ன செஞ்சு தீக்கப்போறேன்னு மனசு நெறஞ்சு போச்சு.

மகள் பெரிய ராட்டினத்துல ஏறுனா. மொத ரெண்டு சுத்தும் என்னையவே தேடுனா, நான் கை ஆட்டுனேன். அதுக்கப்புறம் அவ கீழ பாக்கல. வாயத் தொறந்து அப்படி ஒரு சிரிப்பு.

எறங்குனதும் தண்ணி போத்தல நீட்டுனேன். தலைமுடி கலைஞ்சு, கூட்டாளிங்க கையப் புடிச்சுக் கத்திக்கிட்டு, என் சேரத் தாண்டி அடுத்த ராட்டினத்துக்கு ஓடுறா.

"அடியே, ஒங்கம்மா இங்க..."ன்னு அக்கா வாயெடுத்தாங்க.

நான் அவங்க கையப் புடிச்சேன். "கூப்பிடாதீங்கக்கா."